சரளைப் பாதையில் முதல் சுற்று: காடும் ஏரியும் வழியே சைக்கிள் ஓட்டுவது எப்படி?

பெரும்பாலான நகரங்களின் ஓரத்தில் தார்ச்சாலை முடிந்து சரளையோ மண்ணோ தொடங்கும் இடம் ஒன்று இருக்கும். காட்டைப் பராமரிக்கப் போட்ட வண்டிப்பாதையாக இருக்கலாம், ஏரிக்கரை மேல் போகும் பாதையாக இருக்கலாம், தண்டவாளத்தை எடுத்துவிட்ட பழைய ரயில் தடமாகவும் இருக்கலாம். காரில் போகிறவருக்கு இவை கண்ணில் படாது. நடந்து போனால் ஒரு நாளில் பாதி தூரம்கூடத் தாண்ட முடியாது. சைக்கிளுக்கு மட்டும் இந்தப் பாதைகள் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தும். இதைத்தான் கிராவல் பைக்கிங் என்கிறார்கள்.

பந்தயமாகவும் இது வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006-ல் தொடங்கி, இன்று அன்பவுண்ட் கிராவல் என்று அழைக்கப்படும் பந்தயத்தின் முக்கியமான தூரம் 200 மைல், அதாவது சுமார் 320 கிலோமீட்டர். 2022-ல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் முதல் கிராவல் உலகச் சாம்பியன்ஷிப்பும் நடந்தது. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இதெல்லாம் நமக்கு ஆகாது என்று ஒதுங்க வேண்டாம். இங்கே நாம் போகப்போவது 20, 25 கிலோமீட்டர் சுற்று ஒன்றுதான். அதற்குத் தேவையானவற்றை வரிசையாகச் சொல்கிறேன். என் கருத்தில் விலையுயர்ந்த சைக்கிளைவிட இரண்டு விஷயங்கள் முக்கியம்: டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது, எந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தீர்கள். அந்த இரண்டையும் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

படி 1: இருக்கிற சைக்கிளைப் பாருங்கள்

கிராவல் பைக் பார்வைக்கு, தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் ரோடு பைக் சைக்கிள் போலவே இருக்கும். அதே வளைந்த ஹேண்டில்பார்தான். ஆனால் டயருக்கு அதிக இடம் விட்டிருப்பார்கள், டிஸ்க் பிரேக் இருக்கும், ஏற்றத்துக்கு ஏற்ற இலகுவான கியர் இருக்கும். இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் சற்று அதிகம் என்பதால் குலுங்கும் பாதையிலும் நிதானமாகப் போகும்.

முதல் சுற்றுக்கு இதை வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. ஹைப்ரிட் சைக்கிளோ பழைய மவுண்டன் பைக்கோ இருந்தால் அதுவே போதும். பார்க்க வேண்டியது டயரின் அகலம். டயரின் பக்கச் சுவரில் 40-622 என்பது போல ஓர் எண் அச்சாகியிருக்கும். முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். 622 என்றால் கடையில் 700சி என்பார்கள், 584 என்றால் 650பி. புது டயர் வாங்கும்போது இந்த இரண்டாவது எண் கட்டாயம் ஒத்துப்போக வேண்டும்.

அகலம் 38 மி.மீ.க்கு மேல் இருந்தால் சரளையில் நிம்மதியாகப் போகலாம். 32 மி.மீ. டயரிலும் நன்றாக இறுகிய பாதையில் போகலாம், ஆனால் கைக்கும் முதுகுக்கும் வேலை கூடும். அகலமான டயர் போட நினைத்தால், டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்சுகிறதா என்று பாருங்கள். சேறு ஒட்டினால் அந்த இடம் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

கியருக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தின் பற்களையும் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தின் பற்களையும் எண்ணுங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால், அல்லது பின்னால் அதிகமாக இருந்தால், காட்டுப் பாதை ஏற்றங்களை உட்கார்ந்தபடியே சமாளிக்கலாம். பெடல் சாதாரணத் தட்டைப் பெடலாகவே இருக்கட்டும். ஷூவைப் பூட்டும் பெடலெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: காற்றைக் குறையுங்கள்

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் டயரைக் கல் மாதிரி அடித்துக்கொண்டு வருகிறார்கள். தார்ச்சாலையில் அது வேகம் தருவதாகத் தோன்றலாம். சரளையில் நடப்பதே வேறு. டயர் இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு கல்லின் மேலும் சைக்கிளும் நீங்களும் சேர்ந்து எழும்பி இறங்க வேண்டும். அந்த எழும்பலுக்கான சக்தி உங்கள் காலிலிருந்துதான் போகிறது. காற்று குறைவாக இருந்தால் டயர் கல்லைச் சுற்றி அமுங்கிக்கொள்ளும், சைக்கிள் நேராக முன்னே போகும். தரையோடு அதிகப் பரப்பு ஒட்டுவதால் பிடிமானமும் கூடும். கை மரத்துப்போவது, தோள் வலிப்பது, வளைவில் முன் சக்கரம் சறுக்குவது என்று வருகிற புகார்களில் பல, காற்றைக் கொஞ்சம் இறக்கினாலே தீர்ந்துவிடும்.

எவ்வளவு வைப்பது? 70 கிலோ எடையுள்ளவர், 40 மி.மீ. டயர், உள்ளே டியூப் என்றால் 35 முதல் 40 பிஎஸ்ஐ (பம்ப் காட்டும் காற்றழுத்த அளவு) வரை நல்ல தொடக்கம். பின் சக்கரத்தின் மேல் எடை அதிகம் விழுவதால் அதில் முன் சக்கரத்தைவிட இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட வையுங்கள். உங்கள் எடை பத்து கிலோ கூடினால் இரண்டு மூன்று கூட்டுங்கள், குறைந்தால் அதே அளவு குறையுங்கள். டயர் 45 மி.மீ.க்கு மேல் என்றால் இன்னும் ஐந்து குறைக்கலாம். உங்கள் பம்பில் பார் அளவு மட்டும் இருந்தால், 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. டயரிலும் ரிம்மிலும் போட்டிருக்கும் எல்லையை எந்தப் பக்கமும் தாண்ட வேண்டாம்.

இது தொடக்கம்தான். உங்களுக்கான சரியான அளவை நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கரடுமுரடான, ஆள் நடமாட்டம் குறைந்த அரை கிலோமீட்டர் பாதை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 40 பிஎஸ்ஐயில் ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டு பிஎஸ்ஐ இறக்கிவிட்டு அதே வேகத்தில் மறுபடி ஓட்டுங்கள். இப்படியே இறங்கிக்கொண்டு வந்தால், ஒரு கட்டத்தில் சைக்கிளின் சடசடப்பு அடங்கி ஓட்டம் மிருதுவாகும். இன்னும் இறக்கினால் வளைவில் டயர் பக்கவாட்டில் நெளிவது தெரியும், அல்லது கல்லில் ரிம் இடிக்கும் சத்தம் கேட்கும். அதற்கு மூன்று நான்கு பிஎஸ்ஐ மேலே இருப்பதுதான் உங்கள் அளவு. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விரலால் அழுத்திப் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அளவுகாட்டி உள்ள பம்ப் ஒன்று வேண்டும், எப்போதும் அதே பம்பையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு பம்பும் கொஞ்சம் வித்தியாசமாகக் காட்டும்.

டியூப்லெஸ் பற்றிக் கேட்பீர்கள். டியூபை எடுத்துவிட்டு டயருக்குள் சீலண்ட் என்ற திரவத்தை ஊற்றுவார்கள். முள் குத்திய சிறு ஓட்டைகளை அது தானே அடைத்துக்கொள்ளும், காற்றை இன்னும் குறைவாக வைக்கவும் முடியும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் சீலண்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். முதல் சில சுற்றுகளை டியூபோடு ஓட்டிப் பழகிவிட்டு மாறினால் போதும்.

படி 3: பாதையை வீட்டிலேயே படியுங்கள்

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தைப் பழகிக்கொள்ளுங்கள். கோமூட், ரைட் வித் ஜிபிஎஸ் போன்ற செயலிகளிலும் இதன் தரவு பயன்படுகிறது. அதில் வண்டிப்பாதைகளைக் கிரேடு 1 முதல் கிரேடு 5 வரை பிரித்திருப்பார்கள். 1 என்றால் கெட்டியான தளம். 2 பெரும்பாலும் நன்றாக இறுகிய சரளை. 3-ல் சரளையும் மண்ணும் கலந்திருக்கும். 4-ம் 5-ம் மண்ணும் புல்லுமாக இளகியவை, மழைக்குப் பின் சேறு. முதல் சுற்றுக்கு 2-ஐயும் 3-ஐயும் தேடுங்கள். வரைபடத்தில் குறித்தவரும் மனிதர்தான் என்பதால், பாதை இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படத்திலும் சரிபாருங்கள். மரங்களின் தழை பாதையை மறைக்கும் இடங்களில், மற்றவர்கள் ஓட்டிய தடங்களைக் காட்டும் ஸ்ட்ராவா செயலியின் ஹீட்மேப் உதவும். பல பேர் போன கோடு பளிச்சென்று தெரியும். ஒரு கோடு மட்டும் காட்டுக்குள் போய்ப் பாதியில் நின்றால், அங்கே வேலியோ ஓடையோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஏரியை நடுவில் வைத்துச் சுற்று போடுவது தொடங்குகிறவர்களுக்கு மிக நல்ல யோசனை. தண்ணீர் மட்டமாக இருப்பதால் அதன் ஓரமாகப் போகும் பாதையில் பெரும்பாலும் ஏற்ற இறக்கம் குறைவு. தண்ணீரை ஒரே கைப்பக்கம் வைத்துக்கொண்டே போனால் வழி தவறுவதும் கடினம். ஆனால் ஏரியின் எல்லாக் கரையும் ஒன்றல்ல. ஓடைகள் வந்து சேரும் பக்கம் சதுப்பாக, புல் மண்டி இருக்கும். அங்கே பாதை தண்ணீரை விட்டு வெகுதூரம் விலகிச் சுற்றும், அல்லது மறைந்தே போகும். அணைக்கட்டு அல்லது உயர்த்திய கரை உள்ள பக்கம் காய்ந்து கெட்டியாக இருக்கும், ஆனால் மரம் இருக்காது, காற்று நேராக மோதும். வரைபடத்தில் நீல நிறச் சிறு கோடுகள் ஏரியில் எங்கே சேர்கின்றன என்று பார்த்துவிட்டால், எந்த இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும் என்பது கிளம்புவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

சுற்றின் திசையையும் யோசியுங்கள். எதிர்க்காற்றை முதல் பாதியில், கால் புதிதாக இருக்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள். காடு இருக்கும் பக்கம் காற்று தெரியாது. நடுவில் எங்கெல்லாம் தார்ச்சாலை குறுக்கிடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். களைத்தாலோ சைக்கிள் பழுதானாலோ அங்கே இறங்கி வீடு திரும்பிவிடலாம்.

அனுமதி உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள். குடிநீர் ஏரிகள், பாதுகாக்கப்பட்ட காடுகள், பறவைகள் கூடு கட்டும் பருவம் என்று தடைகள் இருக்கலாம். நுழைவாயில் பலகையில் நேரமும் விதியும் எழுதியிருப்பார்கள். மழை பெய்தால் ஒன்றிரண்டு நாள் பொறுங்கள். ஈர மண்ணில் ஓட்டினால் டயர் போட்ட பள்ளம் அப்படியே காய்ந்து இறுகிவிடும். பின்னால் வரும் எல்லோருக்கும் அந்தப் பாதை கெட்டுப்போகும்.

நேரக் கணக்கில் தாராளமாக இருங்கள். தார்ச்சாலையில் 20 கிலோமீட்டர் வேகம் போகிறவர் சரளையில் 12, 15-ல்தான் போவார். 25 கிலோமீட்டர் என்றால் நிறுத்தங்களையும் சேர்த்து இரண்டரை மணி நேரம். காட்டுக்குள் பொழுது சாய்வதற்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும் என்பதால், சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே வெளியே வந்துவிடும்படி திட்டமிடுங்கள். வரைபடத்தையும், சுற்றின் வழித்தடம் பதிந்த ஜிபிஎக்ஸ் கோப்பையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மரங்களுக்குள் சிக்னல் போய்விட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

படி 4: பையில் என்ன, கையில் என்ன

உங்கள் டயர் அளவுக்கான டியூப் ஒன்று, டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, கைப்பம்ப், மடக்கு ஸ்பானர் செட், ஒட்டும் பட்டை, செயின் இணைப்புக் கண்ணி ஒன்று. இவ்வளவுதான். சிறிய முதலுதவிப் பொருட்களும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் என்ற கணக்கில், வெயிலானால் இன்னும் கூட. ஏரியைச் சுற்றிக்கொண்டே தாகத்தில் தவிப்பது நடக்கிற கதைதான். அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் குடிக்க வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் பசிக்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

பஞ்சர் போடத் தெரியாமல் இதெல்லாம் இருந்து பயனில்லை. வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி, காற்றை முழுக்க விட்டு, டயரின் ஓரத்தைச் சுற்றிலும் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளுங்கள். அப்படித் தள்ளினால் டயர் தளரும், நெம்புகோலுக்கு வேலை குறையும். ஒரு பக்க ஓரத்தை மட்டும் வெளியே எடுத்து டியூபை உருவுங்கள். இப்போது வருவது பலரும் விட்டுவிடும் வேலை: டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவுங்கள். முள்ளோ கண்ணாடித் துண்டோ இன்னும் அங்கேயே இருந்தால் புது டியூபும் ஐந்து நிமிடத்தில் போய்விடும். பிறகு புது டியூபில் உருண்டை வடிவம் வரும் அளவுக்குக் காற்றடித்து உள்ளே வைத்து, வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியும்படி டயரைக் கையாலேயே தள்ளி ஏற்றுங்கள். வால்வை ஒருமுறை உள்ளே அழுத்திவிட்டு, டியூப் எங்கும் நசுங்கவில்லை என்று பார்த்து, காற்றடியுங்கள்.

பழைய டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தால் அது முள் இல்லை. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் மாட்டிக் கடிபட்டிருக்கிறது, காற்று போதவில்லை என்று அர்த்தம்.

படி 5: சரளையில் உடம்பை எப்படி வைப்பது

எல்லாவற்றுக்கும் அடிப்படை, சைக்கிளை உங்களுக்குக் கீழே அசைய விடுவது. சரளையில் முன் சக்கரம் கொஞ்சம் அலைவது இயல்பு. பயந்து ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் அந்த அலைச்சல் தோளுக்கு ஏறி, உடம்போடு சேர்ந்து பெரிதாகும். விரல்கள் தளர்ந்து, முழங்கை மடங்கி, தோள் இறங்கி இருக்கட்டும். கரடான இடம் வந்தால் இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, சீட்டிலிருந்து இரண்டு விரல் உயரம் எழும்புங்கள். முழங்கால்தான் அப்போது ஸ்பிரிங்.

பார்வை முன் சக்கரத்தில் விழக் கூடாது. பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் பாருங்கள், வேகம் கூடினால் இன்னும் தூரமாக. ஒரு கல்லையே பார்த்துக்கொண்டு போனால் அதன் மேல்தான் ஏறுவீர்கள். அதைத் தாண்டிப் போகும் வழியைப் பாருங்கள்.

பிரேக்கை வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே பிடித்து முடித்துவிடுங்கள். சைக்கிள் சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை அழுத்தினால் முன் சக்கரம் நழுவும், அதைக் காப்பாற்றுவது கடினம். பின் சக்கரம் சறுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அந்த உணர்வைப் பழக, தட்டையான இடத்தில் மெதுவான வேகத்தில் நேராகப் போய், பின் பிரேக்கை மட்டும் அழுத்திச் சறுக்கவிட்டுப் பாருங்கள். இறக்கத்தில் வளைந்த ஹேண்டில்பாரின் கீழ்ப்பகுதியைப் பிடியுங்கள். அங்கே பிரேக் நெம்பு ஒரு விரலுக்கே வசமாக வரும்.

ஏற்றத்தில் எழுந்து நின்றால் பின் சக்கரத்தின் மேல் எடை குறைந்து, அது மண்ணைக் கிளறிக்கொண்டு வீணாகச் சுழலும். உட்கார்ந்தபடியே நெஞ்சைக் கொஞ்சம் தாழ்த்தி, சீரான மிதியோடு ஏறுங்கள். கியரை ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள்.

சரி, காட்டிலும் ஏரியோரத்திலும் வரும் சில தளங்கள். வண்டிகள் போன பாதையில் இரண்டு தடங்கள் இறுகியிருக்கும், நடுவே இளகிய சரளை குவிந்திருக்கும். ஒரு தடத்தில் இருந்துகொள்ளுங்கள். மாற வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் நேராக வெட்டித் தாண்டுங்கள். மணல் வந்தால் அதற்கு முன்பே ஒரு கியர் இலகுவாக்கி, எடையைப் பின்னால் வைத்து, மிதிப்பதை நிறுத்தாமல் நேராகப் போங்கள். ஹேண்டிலைத் திருப்பினால் புதைந்துவிடும். ஈரமான மர வேரும் ஈரமான மரப்பலகைப் பாலமும்தான் மிக ஆபத்தானவை. வேரைச் செங்குத்தாகக் குறுக்கே தாண்டுங்கள், அதன் மேல் பிரேக்கும் வேண்டாம் திருப்பமும் வேண்டாம். பலகையில் நேராக அப்படியே உருண்டு போங்கள், அல்லது இறங்கித் தள்ளுங்கள். குட்டையின் ஆழம் தெரியாவிட்டாலும் இறங்கித் தள்ளுங்கள். இறங்குவதும் கிராவல் ஓட்டத்தில் சேர்ந்ததுதான்.

மரநிழலும் வெயிலும் மாறி மாறி விழும் பாதையில் கறுப்புக் கண்ணாடி போட்டால் பள்ளம் தெரியாது. நிறமில்லாத கண்ணாடி போதும், பூச்சியும் தூசியும் கண்ணில் விழாமல் இருக்கும். ஹெல்மெட் இல்லாமல் கிளம்பவே வேண்டாம்.

படி 6: பாதையில் இருப்பவர்கள்

நடந்து போகிறவர்களுக்குத் தூரத்திலேயே மணி அடித்து, நடை வேகத்துக்கு இறங்கிக் கடந்து போங்கள். சரளையில் பின்னால் வரும் சைக்கிளின் சத்தம் அவர்களுக்குத் திடீரென்றுதான் கேட்கும். குதிரையில் வருகிறவர்களைக் கண்டால் நின்று, பேச்சுக் கொடுத்து, அவர்கள் சொன்ன பிறகு கடக்கலாம். மூடியிருந்த கதவைத் திறந்தால் மறுபடி மூடுங்கள். கரையோரப் பறவைக் கூட்டத்துக்குள் ஓட்டிக் கிளப்பிப் படம் எடுப்பதை நான் வன்மையாக வெறுக்கிறேன். அவை இரை தேடும் நேரமும் ஓய்வெடுக்கும் நேரமும் அதில் பறிபோகிறது.

உயரமான புல்லில் நடந்தாலோ உட்கார்ந்தாலோ, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் உண்ணி நோய் பரப்பும். கடித்திருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுங்கள். எண்ணெய் தடவுவது, நெருப்பு வைப்பதெல்லாம் வேண்டாம். பிறகு சில நாளில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் போய், உண்ணி கடித்ததையும் சொல்லுங்கள்.

படி 7: திரும்பிய பிறகு

தூசி படிந்த செயினைத் துணியால் துடைத்து, எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். மேலே எண்ணெய் வழிந்தால் அடுத்த முறை மண்ணெல்லாம் அதில்தான் ஒட்டும். சேறு இருந்தால் சாதாரணத் தண்ணீரால் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சும் குழாய் பேரிங்குக்குள் தண்ணீரை ஏற்றிவிடும். டயரைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா பாருங்கள். ஈர மணலில் ஓட்டியிருந்தால் பிரேக் பேடையும் பாருங்கள், ஒரே நாளில்கூட நிறையத் தேய்ந்திருக்கும்.

அடுத்த சுற்றில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: தூரம், அல்லது தளம், அல்லது ஏற்றம். மூன்றையும் ஒரே நாளில் கூட்ட வேண்டாம். அதற்கும் முன்பாக, அதே சுற்றை எதிர்த்திசையில் ஒருமுறை ஓட்டுங்கள். அன்று இறங்கிய இடமெல்லாம் இப்போது ஏற்றமாக வரும், வளைவுகள் எல்லாம் புதிதாக இருக்கும். பாதை தெரிந்தது என்பதால் முழுக் கவனத்தையும் உடம்பிலும் பிரேக்கிலும் வைக்க முடியும்.